சினைத் தெருப்பூனை குட்டி போடும் நாள் நெருங்கினால்: வடசென்னை வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

காசிமேட்டில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். எங்கள் பிளாக் மாடிப்படிக்குக் கீழே வசித்த புள்ளி என்ற தெருப்பூனைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. மீன் விலை ஏறிப்போய், கழுவுகிற இடத்தில் தலையும் குடலும் வீசுவது குறைந்துவிட்டது. முதுகெலும்பு எண்ணுகிற அளவுக்கு அது இளைத்திருந்தது. வயிறு மட்டும் இரண்டு பக்கமும் உப்பித் தொங்கியது.

கீழ் வீட்டு அக்கா ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இதுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு கீது. சோறு போடு, தண்ணி வை. கிட்ட மட்டும் போய் நிக்காத."

முதல் இரண்டையும் கேட்டேன், மூன்றாவதைக் கேட்கவில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஐந்தாறு ஈற்றுகளைப் பார்த்தாயிற்று. அவற்றில் கற்றதுதான் இந்த வழிகாட்டி.

முதலில், சினைதானா?

வயிறு உப்பியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குடற்புழு நிறைந்த பூனைக்கும், வயிற்றில் நீர் கோத்த பூனைக்கும் வயிறு இப்படித்தான் தெரியும். காம்புகளைப் பாருங்கள். சினையாகி மூன்றாவது வாரத்தில் அவை தடித்து ரோஸ் நிறமாகும். ஐந்தாவது வாரத்தில் வயிறு வெளியே தெரியும். கடைசி இரண்டு வாரத்தில் பூனை ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது, தோலுக்கு அடியில் குட்டி நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எத்தனை குட்டி என்று வயிற்றை அமுக்கி எண்ணப் போகாதீர்கள். தவறாக அழுத்தினால் குட்டிக்கு ஆபத்து, உங்கள் கைக்கும்தான்.

நாள் நெருங்கியதற்குச் சில அடையாளங்கள் உண்டு. காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து மடி கனக்கும். கடைசி ஓரிரு நாளில் காம்பில் பால் துளிர்க்கலாம். பரண், பீரோவுக்குப் பின்பக்கம், சிலிண்டர் மூலை என்று இடம் தேடி அலையும். துணியைப் பிறாண்டும். காரணமில்லாமல் கத்தும், பின்பக்கத்தை ஓயாமல் நக்கும், வைத்த சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். பிரசவத்துக்கு அரை நாள், ஒரு நாள் முன்னால் உடல் வெப்பம் 37.8 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஆனால் தெருப்பூனைக்குத் தெர்மாமீட்டர் வைக்கப் போவது வீண் வம்பு. பார்வையே போதும்.

இன்னொன்று. அது உண்மையிலேயே தெருப்பூனைதானா என்று நாலு வீட்டில் விசாரியுங்கள். வடசென்னையில் பாதிப் பூனைக்கு மூன்று வீட்டில் மூன்று பெயர் இருக்கும்.

இடம்: ஒன்று போதாது, இரண்டு வையுங்கள்

பழகிய பூனை என்றால் வீட்டுக்குள் ஒரு மூலை. ஆளைக் கண்டாலே ஓடுகிற பூனையைப் பிடித்து அடைக்காதீர்கள். ஏற்கெனவே எங்கே படுக்கிறதோ அங்கேயே பெட்டியை வையுங்கள். இன்னொரு பெட்டி வேறொரு மூலையில் இருக்கட்டும். எதில் போடுவது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

பழக்கடையில் கேட்டால் ஆப்பிள் அட்டைப்பெட்டி தருவார்கள். சுமார் 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் இருந்தால் தாராளம். மேல்மூடி மூடியபடியே இருக்கட்டும், உள்ளே இருட்டு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வாசல் வெட்டுங்கள். தரையோடு வெட்டாமல் 12 செ.மீ. அளவுக்கு அட்டையை விட்டு வெட்டினால் குட்டிகள் உருண்டு வெளியே விழாது. அடியில் நாலைந்து செய்தித்தாள், மேலே பழைய பருத்தி லுங்கியோ நைட்டியோ. டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும்.

பீரோவிலிருந்து எடுத்த துணி என்றால் துவைத்துக் காயவைத்துப் போடுங்கள். அந்துருண்டை பூனைக்கு விஷம். அதைவிடப் பெரிய விஷம் நம் வீடுகளில் தினமும் புழங்குகிறது: பினாயில். கிருமிநாசினி என்று டெட்டாலும் ஊற்றுவோம். இந்த வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே போதும், வயிற்றுக்குள் போய்விடும். பிரசவ மூலையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டால் போதும். கொசுவத்தியையும் அந்த அறையில் ஏற்றாதீர்கள்.

அடுத்து எறும்பு. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் நம் ஊரில் ஈரம் காயாத குட்டியைக் கொல்வதில் எறும்புக்குப் பெரிய பங்கு உண்டு. பிரசவ வாடைக்குச் சாரை சாரையாக வரும். எறும்பு சாக்பீஸால் கோடு கிழித்தால் அந்த மருந்தும் பூனைக்கு ஆகாது. நான் செய்வது: நாலு பழைய கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு செங்கல் நிறுத்தி, அதன்மேல் பலகை, பலகைமேல் பெட்டி. பலகை சுவரைத் தொடக் கூடாது. சாப்பாட்டுத் தட்டைப் பெட்டியிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள்.

பெருச்சாளிக்கும் கடுவன் பூனைக்கும் எட்டாத இடமாகப் பாருங்கள். கடுவன் சில நேரம் குட்டிகளைக் கொன்றுவிடும், அப்பன் பூனைதானே என்று நம்பக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். சாக்கடை ஏறுகிற வேகத்தில் நாலு குட்டியைத் தாயால் தூக்க முடியாது, முதல் மாடித் திருப்பத்துக்கு மாற்றிவிடுங்கள். கத்திரி வெயிலில் நேர்மாறு: மொட்டைமாடி ஷீட் கூரைக்குக் கீழே வைத்தால் அடுப்புதான்.

சாப்பாடு

சினையின் கடைசி வாரங்களில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு சாப்பாடு வேண்டும். பால் கொடுக்கும்போது இரண்டு, மூன்று மடங்கு. ஆனால் வயிற்றில் குட்டி இடத்தை அடைத்திருப்பதால் ஒரே வேளையில் அவ்வளவு தின்ன முடியாது. நாலைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள்.

கட்டுப்படியானால் குட்டிப்பூனைக்கென்று விற்கிற உணவுதான் சிறந்தது. சத்து செறிவாக இருக்கும், தாய்க்கும் அதையே கொடுக்கலாம். இல்லையென்றால் வேகவைத்த மீனோ கோழியோ முக்கால் பங்கு, குழைந்த சோறு கால் பங்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் அவித்த முட்டை. பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது. தயிர்சாதம் தின்னும் பூனையையும் பார்த்திருக்கிறேன். பசிக்குத் தின்னும், குட்டிக்குப் போதாது.

மீனை வேகவைத்தே போடுங்கள். நெத்திலி, மத்தி போன்ற மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினை அழிக்கிற நொதி உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். முள்ளை எடுத்துவிடுங்கள். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போட்டாலும் சரிவராது. கருவாடு முழுக்க உப்பு, ஆசைப்பட்டுக் கத்தினாலும் கொடுக்காதீர்கள்.

பசும்பால்? பாவம் சினைப்பூனை என்று எல்லோரும் ஊற்றுவது அதைத்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. கழிச்சல் கண்டு உடம்பு வறண்டுபோகும். அகலமான மண்சட்டியில் நல்ல தண்ணீர் போதும்.

மருந்து விஷயத்தில் கெட்டியாக இருங்கள். மனிதர்கள் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படித்தான். பூச்சி மருந்து, தடுப்பூசி எதுவானாலும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

சுத்தமான பருத்தித் துணித் துண்டுகள் பத்து, கையுறை, கொதிக்கவைத்த கத்தரிக்கோல், வெள்ளை நூல், பொவிடோன் அயோடின், சமையல் தராசு, டார்ச், மூடி போட்ட காற்றோட்டமான கூடை. குட்டிப்பூனைக்கான பால்பவுடர் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் முன்பே விசாரித்து வையுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேட முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மருத்துவர். நமக்குப் பெரிய துணை வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1903இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கேயும் உங்கள் பகுதி கிளினிக்கிலும் முன்கூட்டியே மூன்று கேள்வி கேளுங்கள்: பூனைக்குப் பார்ப்பீர்களா, சிசேரியன் செய்வீர்களா, ராத்திரியில் ஆள் இருப்பார்களா? ஒருமுறை ஒரு கிளினிக் வாசலில் கூடையோடு நின்ற என்னிடம், "இங்க நாய் மட்டும்தாங்க" என்றார்கள். போர்டில் பூனைப் படம் போட்டிருந்தது!

அந்த ராத்திரி

கடிகாரத்தைப் பார்ப்பதுதான் உங்கள் வேலை. பேப்பரில் நேரம் குறியுங்கள்.

முதல் கட்டம் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், சில பூனைக்கு ஒரு நாள் வரைகூட நீளும். உள்ளே போகும், வெளியே வரும், மூச்சு வாங்கும், கத்தும். சில பூனை குர்ர் குர்ரென்று சத்தமிட்டுக்கொண்டே சுகமாகப் படுத்திருப்பதுபோலத் தெரியும். இந்த நேரத்தில் அறை விளக்கை அணைத்து, ஃபேனை மெதுவாக வைத்து, குழந்தைகளை அனுப்பிவிடுங்கள்.

புள்ளி முக்க ஆரம்பித்தது இரவு 11.10. வயிறு அலை அலையாகச் சுருங்கியது. 11.25க்கு வாலுக்கடியில் நீர் நிறைந்த சிறு பலூன் மாதிரி ஒன்று பிதுங்கி, உள்ளே போய், மறுபடி பிதுங்கியது. ஒரே ஒரு கத்தல், குட்டி பையோடு வழுக்கிக்கொண்டு துணியில் விழுந்தது. புள்ளி திரும்பிச் சவ்வைக் கிழித்து, சொரசொரப்பான நாக்கால் குட்டியைப் புரட்டிப் புரட்டி நக்கியது. நக்குகிற வேகத்தில் குட்டி உருண்டது. ஐயோ, கொல்கிறதே என்று எழுந்துவிட்டேன். அப்போதுதான் கீச்சென்று ஒரு சத்தம். அந்த நக்கலில்தான் குட்டிக்கு மூச்சு வருகிறது. பிறகு தொப்புள்கொடியைக் கடித்துத் துண்டாக்கி, நஞ்சுக்கொடியையும் தின்றது. தின்னட்டும், பிடுங்காதீர்கள். குட்டிக்கு ஒன்று என்று நஞ்சுக்கொடியை மட்டும் எண்ணி வையுங்கள். உள்ளே தங்கிவிட்டால் சீழ் பிடிக்கும்.

இரண்டாவது குட்டி 11.50, மூன்றாவது 12.20. இது வால்பக்கமாக வந்தது. பூனைக்கு அது சாதாரணம், பயப்பட வேண்டியதில்லை. நாலாவது குட்டி 2 மணிக்கு. நடுவில் சில பூனைகள் மணிக்கணக்கில் இடைவெளி விட்டு, பால் கொடுத்து, தூங்கி, மறுபடி தொடங்கும். தாய் நிதானமாக இருந்தால், முக்கவில்லையென்றால், காத்திருக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் இவை. தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்:

- பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை.
- குட்டி பாதி வெளியே தெரிந்து பத்து நிமிடமாக நகரவில்லை.
- சிவந்த ரத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் ஒழுகுகிறது.
- முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சை கலந்த கறுப்பு நீர் வந்து, குட்டி தொடர்ந்து வரவில்லை.
- தாய் துவண்டு கிடக்கிறது, உடல் நடுங்குகிறது, வலிப்பு வருகிறது.

இதில் ஒன்று நடந்தாலும் கூடையை எடுங்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள். பிறந்த குட்டிகளையும் துணியில் சுற்றித் தாயோடு கொண்டுபோங்கள். மாட்டிக்கொண்ட குட்டியைப் பிடித்து இழுக்க வேண்டாம், தாயின் கருப்பையே கிழியலாம்.

நீங்கள் கை வைக்க வேண்டிய ஒரே இடம்: குட்டி வெளியே வந்து ஓரிரு நிமிடமாகியும் தாய் சவ்வைக் கிழிக்காதபோது. முதல் ஈற்றுப் பூனைகள் சில விழிக்கும். கையுறை போட்டு, மூக்குப்பக்கம் சவ்வைக் கிள்ளிக் கிழித்து, வாயையும் மூக்கையும் துணியால் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தபடி உடம்பைச் சுறுசுறுப்பாகத் தேயுங்கள். தலைகீழாகச் சுழற்றாதீர்கள், மூளையில் ரத்தக்கசிவு வரும். கொடியைத் தாய் கடிக்கவில்லையென்றால், வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, நுனியில் அயோடின் வையுங்கள். அழுததும் தாயிடம் கொடுத்துவிடுங்கள்.

ஏழு வீடு

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழு என்பது கணக்கில்லை, மாற்றுவது உண்மை. நான் செய்த தப்பு இதுதான்: மறுநாளே பிளாக் பிள்ளைகள் எல்லோருக்கும் டார்ச் அடித்துக் காட்டினேன். "அண்ணா, இன்னொரு தபா", "நான் பாக்கல அண்ணா" என்று பெட்டி மூடி பதினைந்து முறையாவது திறந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில் பெட்டி காலி. ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி, இரண்டு மாடி தாண்டி, யாரோ ஒருவர் வீட்டுப் பரணுக்குக் கொண்டுபோயிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தவை மூன்று. நாலாவது படிக்கட்டில் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

முதல் வாரம் ஒரு நாளுக்கு ஒருமுறை, தாய் சாப்பிட வெளியே வரும்போது மட்டும் எட்டிப் பாருங்கள். மேல்துணி நனைந்திருந்தால் மாற்றுங்கள், எல்லாவற்றையும் மாற்றினால் அதன் வாடை போய்விடும். தாய் இடம் மாற்றினால் துரத்திப்போய்த் திரும்பக் கொண்டுவராதீர்கள். புது இடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டை வையுங்கள்.

அடுத்த வாரங்கள்

பிறந்த குட்டி 90 முதல் 110 கிராம் இருக்கும். தாய் அனுமதித்தால் தினமும் ஒரே நேரத்தில் தராசில் வையுங்கள், நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஏறாத குட்டிதான் முதலில் விழும். ஏழு முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும். நாலாவது வாரத்தில் குழைத்த உணவு பழக்கலாம். எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் இரண்டு, மூன்று வாரம் பழுப்புச் சிவப்பில் கசிவது சகஜம். நாற்றமோ சீழோ வந்தால், மடி சூடாகிக் கல்லாய் இறுகினால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், கால் விறைத்துத் தள்ளாடி நடந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது சுண்ணாம்புச் சத்து சரிந்ததன் அடையாளம். காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

தாய் திரும்பவே இல்லையென்றால்? முதலில் தள்ளி நின்று இரண்டு மணி நேரம் பாருங்கள், நீங்கள் நிற்பதாலேயே வராமல் இருக்கும். அதற்குள் குட்டி சில்லிட்டால் காத்திருக்க வேண்டாம். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, குட்டியைச் சூடாக்குங்கள். சூடான பிறகுதான் பால், சில்லிட்ட குட்டிக்குச் செரிக்காது. பால்பவுடரைக் கலக்கி, குப்புறப் படுக்கவைத்தே புகட்டுங்கள், மல்லாத்தினால் நுரையீரலுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிப்பக்கம் தடவினால்தான் சிறுநீர், மலம் போகும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. குட்டி போட்ட பூனை கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசியைக் கேளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனை மலம் கழித்த மண்ணை அவர் அள்ள வேண்டாம், டாக்சோபிளாஸ்மா தொற்று வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். மற்றவர்கள் தினமும் அள்ளிவிடுங்கள். யாராவது குட்டிகளைக் கோணியில் கட்டி மார்க்கெட்டில் விடப்போகிறேன் என்றால், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை நினைவுபடுத்துங்கள். அதற்கு முன்னால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் டீயே போதும்.

கடைசி வேலை கருத்தடை. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை அடுத்த சினைக்குத் தயாராகிவிடும். குட்டிகள் எட்டு வாரத்தில் பால் மறந்ததும் தாயைக் கொண்டுபோங்கள். குட்டிகளுக்கு நாலு மாதம் ஆனதும் செய்யலாம். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள், கருத்தடை ஆனதற்கு அதுதான் அடையாளம், மறுபடி யாரும் அதைப் பிடித்து வயிற்றைத் திறக்க மாட்டார்கள்.

காது நுனி போய்த் திரும்பிய புள்ளி மாடிப்படியில் உட்கார்ந்து என்னையே முறைத்தது. அதற்குள் தடைக்காலம் முடிந்திருந்தது. சமாதானத்துக்கு நெத்திலி வாங்கி, முள் எடுத்து, வேகவைத்து வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீழே இறங்கிப் போய், அக்கா வைத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.